அக்கா வீட்டுக் கதவு

குளிர்காலம் முடிந்து பனி விலகத் தொடங்கினால் போதும், அந்த மலையூரில் கதவுகளுக்கெல்லாம் வீம்பு பிடித்துவிடும். நேற்றுவரை ஒரு விரலால் தள்ளினாலே திறந்த கதவு, இன்று தோளைக் கொடுத்து மோதினாலும் அசையாது. குளியலறைக்குள் போன மாமனார் வெளியே வர முடியாமல் உள்ளிருந்து கத்துவார். மருமகள் வெளியே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க மாமா, ஆள் வந்துட்டே இருக்கார்" என்பாள். அந்த ஆள்தான் நம் கதவுக்காரர்.

கதவுக்காரர் வந்தால் முதலில் பேசமாட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, கதவுக்கும் நிலைச்சட்டத்துக்கும் நடுவில் விட்டு மேலிருந்து கீழே இழுப்பார். காகிதம் எங்கே மாட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. பிறகு கீலைக் கழற்றி, கதவைக் குழந்தையைப் படுக்கவைப்பது போல இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தி, இழைப்புளியை ஓட்டுவார். மரச்சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழும். மறுபடி மாட்டியதும் ஒரே விரலால் கதவைத் தள்ளி மூடிக் காட்டுவார். இந்த ஒரு விரல் வித்தையில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. வீட்டுக்காரர் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால், "மரம்தானே, ஈரத்துக்கு ஊறுது" என்பார். தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொன்னது அது. இவரும் ஆயுசு முழுக்க அதையே சொன்னார், கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

அவர் வாலிபமாக இருந்த காலத்தில் பனி விலகும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கதவு மக்கர் பண்ணும். போகப்போக நிலைமை மாறியது. சரிவை ஒட்டிய மேல்வரிசை வீடுகள் ஒன்றுவிடாமல் ஆள் அனுப்பின. ஜன்னல் சிக்கியது, அலமாரி சிக்கியது, ஒரு வீட்டில் இழுப்பறைகூடத் திறக்கவில்லை. தச்சனுக்கு இது கசக்குமா என்ன? மின்சாரத்தில் ஓடும் இழைப்புளி ஒன்று வாங்கினார். பட்டறைக்குப் புதுக்கூரை போட்டார். மழையில் ஊறிய மரம் வெயிலில் காய்ந்து சுருங்கவேண்டுமே, இது ஏன் சுருங்குவதில்லை, வருஷா வருஷம் அதே மூலை ஏன் இடிக்கிறது என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. கதவு என்று வந்துவிட்டால் அவர் கண்ணுக்குக் கதவு மட்டும்தான் தெரியும்.

மேல்வரிசையில் கடைசி வீடு அவருடைய அக்காவின் வீடு. அதற்கு மேல் வீடு கிடையாது, கல்லும் மண்ணும் கலந்த சரிவுதான், அதற்கும் மேலே பனி. காலை வெயில் முதலில் விழுவது அக்கா வீட்டு முற்றத்தில். அந்த வெயிலையும் காற்றையும் வைத்துத்தான் அக்காவின் பிழைப்பு நடந்தது. கீழேயுள்ள விடுதியின் படுக்கை விரிப்புகளையெல்லாம் அவள்தான் வெளுத்துக் காயவைத்து, மடித்துக் கொடுப்பாள். முற்றம் நிறைய வெள்ளை விரிப்புகள் பறக்கும்போது கீழிருந்து பார்த்தால் வீடே எங்கேயோ புறப்படத் தயாராக இருப்பதுபோலத் தெரியும்.

அந்த வீட்டை அக்காவின் கணவரும் கதவுக்காரரும் சேர்ந்து கட்டினார்கள். வாசல் கதவு, கதவுக்காரர் தன் கையால் செய்த முதல் கதவு. கனத்த கதவு, ஒரே மரத்துப் பலகைகள். அக்காவின் கணவர் நோயில் படுத்து அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். பிள்ளைகள் படித்து வேலை தேடித் தொலைதூரம் போய்விட்டார்கள். அக்கா மட்டும் அசையவில்லை. அவளை அசைக்க யாராலும் முடியாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

மேல்வரிசை வீடுகளைக் காலி பண்ணச் சொல்லி அதிகாரிகள் முதல்முறை வந்தபோது அந்த விஷயம் அவர்களுக்கும் தெரிந்துபோனது. சரிவு நகருகிறது, கீழே இடம் தருகிறோம், வந்துவிடுங்கள் என்று அவர்கள் பொறுமையாகத்தான் சொன்னார்கள். அக்கா துணி பிழிந்துகொண்டே கேட்டாள். தம்பியும் அன்று அங்கேதான் இருந்தார், புதிதாக இழைத்த கதவை மாட்டிக்கொண்டு.

"வீடு நகருதுன்னா எனக்குத் தெரியாதா? இதோ பாருங்க" என்று அக்கா எழுந்து வந்து, ஈரக்கையின் ஒரு விரலால் கதவைத் தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் போய் மூடிக்கொண்டது. "இந்தக் கதவு என்னிக்கு மூடமாட்டேங்குதோ அன்னிக்கு வர்றேன். அதுவரைக்கும் என்னை விட்டுருங்க."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவுக்காரருக்கோ சிரிப்புத் தாளவில்லை. தன் கைவேலைக்கு இதைவிட என்ன நற்சாட்சி வேண்டும்? வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்துக் காட்டினார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "அண்ணி சொன்னது அவங்களுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சரிவை அளக்க ஒரு இன்ஜினியரம்மா வந்திருந்தாள். சின்ன வயசு, காதுவரை தொப்பி, எப்போதும் அவசரம். சரிவில் அடித்து அளக்க மரமுளைகள் வேண்டுமென்று பட்டறைக்கு வந்தாள். கதவுக்காரர் செதுக்கிக் கொடுத்தார். அவள் தனியாகத் தூக்கமாட்டாமல் திணறுவதைப் பார்த்து, சரி போகட்டும் என்று தானே சுமந்துகொண்டு மேலே போய், சரிவுக்குக் குறுக்கே நட்டும் கொடுத்தார். முளைகள் ஒரே கோட்டில் நின்றன. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து அவரே திருப்திப்பட்டுக்கொண்டார்.

அடுத்த கோடையின் முடிவில் அவள் மறுபடி கூப்பிட்டாள். முதல் முளையிலிருந்து கடைசி முளைக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தாள்.

"ஐயா, நீங்கதானே நட்டீங்க. நேராத்தானே நட்டீங்க?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! கோணலா நட எனக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப இதைப் பாருங்க."

கயிறு நேராக இருந்தது. முளைகள் அப்படி இல்லை. இரண்டு ஓரமும் நட்ட இடத்திலேயே நிற்க, நடுவில் உள்ளவை கயிற்றைவிட்டுக் கீழே இறங்கியிருந்தன. ஈர விரிப்புகளைச் சுமந்த துணிக்கொடி நடுவில் தொய்வதுபோல அந்த வரிசை தொய்ந்திருந்தது. எல்லாவற்றிலும் அதிகமாக இறங்கிய முளைக்கு நேர் கீழே அக்கா வீட்டுக் கூரை தெரிந்தது.

"யாராவது பிடுங்கி நட்டிருப்பாங்க" என்றார் கதவுக்காரர். சொல்லும்போதே அது அபத்தம் என்று அவருக்கே தெரிந்தது.

இன்ஜினியரம்மா கோபப்படவில்லை. குந்தி உட்கார்ந்து, மண்ணை ஒரு கை அள்ளிக் காட்டினாள். சேறாக இருந்தது. "இந்தச் சரிவு கல்லால மட்டும் நிக்கலைங்க ஐயா. உள்ள கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ஐஸ் இருக்கு. கோடையில மேல்மண்ணு மட்டும் இளகும், அடியில எப்பவும் உறைஞ்சே கெடக்கும். பசை மாதிரி அதுதான் எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருந்துது. இப்ப உலகமே சூடாகுது, இந்த மாதிரி உசரமான இடம் இன்னும் வேகமா சூடாகுது. பனி விழவேண்டிய நேரத்துல மழை பெய்யுது. அந்தத் தண்ணி உள்ள எறங்கி அடியில இருக்கற ஐஸையும் கரைக்குது. பசை விட்டுப்போச்சுன்னா கல்லு நிக்குமா?"

கதவுக்காரர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப அந்தக் கதவு..." என்றார்.

"எந்தக் கதவு?"

"ஒண்ணுமில்லம்மா."

இறங்கி வரும்போது அவருக்கு இரண்டு இடத்தில் கால் இடறியது. வயசாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதற்கும் ஒரு காரணம் கையில் வைத்திருக்கும் மனுஷர் அல்லவா!

அக்காவிடம் எப்படியாவது சொல்லிவிடவேண்டும் என்றுதான் அடுத்த நாள் போனார். போன இடத்தில் வாய் வரவில்லை. சுற்றிவளைத்து, "துணிக்கொடிக் கம்பம் சாஞ்சிருக்கே அக்கா" என்று ஆரம்பித்தார். "ஈரத்துணி பாரம் சாய்க்காம என்ன பண்ணும்?" என்றாள். "சுவத்துல விரிசல் ஓடுதே" என்றார். "சுவர்னா விரியத்தான் செய்யும். எனக்குக் குதிகால் விரியல?" என்றாள். "கதவு வேற அடிக்கடி சிக்குது" என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயே சொன்னதுதானேடா, மரம் ஊறுதுன்னு? வந்ததுதான் வந்த, மேல் மூலை லேசா இடிக்குது, பாத்துட்டுப் போயேன்."

அவர் பார்த்தார். கீலைக் கழற்றினார், முக்காலியில் கிடத்தினார், இழைத்தார். கை பாட்டுக்கு வேலை செய்தது, மனசு வேறெங்கோ கிடந்தது. மேல் மூலையில் எத்தனையோ தடவை இழைத்ததில் கதவு ஒரு பக்கம் குட்டையாகியிருந்தது. எதிர் மூலையில் இடைவெளி விழுந்த இடத்திலெல்லாம் அவரே ஒட்டிய பட்டைகள் தெரிந்தன. சாய்ந்த நிலைச்சட்டத்துக்குத் தோதாகக் கதவும் சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. மாட்டிவிட்டு ஒரு விரலால் தள்ளினார். மூடிக்கொண்டது. "கைராசிடா உனக்கு" என்றாள் அக்கா. இந்த ஒரு குளிர்காலம் போகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அவர் தப்பித்து வந்துவிட்டார். பயந்தவன் தள்ளிப்போடத்தானே செய்வான்.

குளிர்காலம் வரவேண்டிய நேரத்தில் மழை வந்தது. பனி மூடிக் கிடக்கவேண்டிய சரிவில் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலை மேலேயிருந்து கற்கள் உருண்டு வந்தன. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கல் அக்கா வீட்டுப் பின்சுவரில் மோதி நின்றது. மழை விட்டதும் அக்கா வெளியே வரப் பார்த்திருக்கிறாள். கதவு அசையவில்லை. சளைத்தவளா அவள்? விரிப்புக் கூடையை முதலில் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிட்டு, பின்னாலேயே தானும் ஏறிக் குதித்து, தம்பிக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

கதவுக்காரர் அவசர அவசரமாகக் கருவிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசலில் அவர் மனைவி வழியை மறித்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகலை. ஜன்னல் வழியா குதிச்சுட்டாளாம்" என்றார் அவர், சமாதானமாக.

"அதுக்கு இல்லைங்க. நீங்க போய்ச் சரி பண்ணிட்டு வந்துருவீங்க. அதை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

கதவுக்காரர் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே இறங்கினார். படி ஏறும் வழியெல்லாம் அந்தப் பேச்சு அவர் கூடவே ஏறியது.

அக்கா முற்றத்தில் கூடை மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வாயில் மட்டும் வழக்கமான சவடால். "இந்த வயசுல ஜன்னல் ஏறிக் குதிக்க வச்சுட்டியேடா! என்ன வேலை பாத்த நீ?"

அவர் ஆப்பு வைத்து, நெம்பிக் கதவைத் திறந்தார். உள்ளே போனார். பின்சுவரில் விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடியிருந்தது. அதற்குள் கையை விட்டார், மணிக்கட்டுவரை போனது. உள்ளேயிருந்து குளிர்ந்த ஈரக்காற்று விரல்களில் பட்டது. தரையில் கிடந்த சோப்புக்கட்டி அவர் கால் பட்டு, தானாகவே வழுக்கிக்கொண்டு வாசல்வரை போய் நின்றது. இத்தனை நாளும் வந்து போன வீடுதான். அன்றுதான் முதல்முறையாக அவர் வீட்டைப் பார்த்தார்.

அக்கா பின்னாலேயே வந்து முக்காலிகளை எடுத்துப் போட்டாள். "ம், கெளப்பு. சாயங்காலத்துக்குள்ள துணி குடுக்கணும்."

"நான் சரி பண்ணலைக்கா."

"முடியலையா?"

"முடியும். மாட்டேன்."

அக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? அந்த இன்ஜினியர் பொண்ணா, உன் பொண்டாட்டியா?"

"யாரும் சொல்லலை. நான் உன்கிட்ட பொய் சொன்னேன்க்கா. மரம் ஊறலை. வீடு சாயுது. நீ கூப்பிடக் கூப்பிட நான் வந்து, சாஞ்ச வீட்டுக்கு ஏத்த மாதிரி கதவையும் சாய்ச்சு வச்சுட்டுப் போனேன். உனக்குத் தெரியவிடாம பண்ணினது நான்தான்." சொல்லி முடித்ததும் அவர் வெட்கத்தில் அழுதார்.

அக்கா அழவில்லை. அவளுக்கு ஆத்திரம்தான் முந்தியது. பையிலிருந்து இழைப்புளியைத் தானே எடுத்து, முக்காலியில் ஏறி, மாட்டியிருந்த கதவின் மேல்விளிம்பில் வைத்துத் தள்ளினாள். மரத்தின் ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளியதில் அது தடக் தடக்கென்று குதித்து, கீறி, நடுவில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. மறுபடியும் தள்ளினாள். தம்பி கிட்டே போகவில்லை. போனால் கை தானாக இழைப்புளியை வாங்கிவிடும் என்று பயந்தார்.

மூச்சு வாங்க அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "இந்த வெயில் எனக்கு வேற எங்கடா கெடைக்கும்?" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "உன் மாமா இங்கதான் படுத்திருந்தார். கீழ வந்து உன் பொண்டாட்டி சமையலறையில ஒரு ஓரமா உக்காந்து வெங்காயம் உரிக்கச் சொல்றியா?"

"அவ உன்னை வெங்காயத்துக்கிட்டவே விடமாட்டா. உன் சமையல் அவளுக்குத் தெரியும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் சரிவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"சொன்னா சொன்னதுதான். கதவு மூடலை, வர்றேன். ஆனா இதை விட்டுட்டு வரமாட்டேன். கழட்டு."

இரண்டு பேருமாகக் கதவைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். முன்னால் தம்பி, பின்னால் அக்கா. கனமான கதவு, குறுகலான படி, திருப்பத்துக்குத் திருப்பம் சண்டை. "பாத்து எறங்குடா, என் காலை ஒடைச்சுராத", "நீ தூக்குறியா, என் மேல சாய்ச்சுட்டு சும்மா வர்றியா?" என்று ஊர் முழுக்கக் கேட்டது. மேல்வரிசையில் மிச்சமிருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர், அக்கா இருக்கும்வரை நாமும் இருக்கலாம் என்று இருந்தவர்கள்.

கதவுக்காரர் வீட்டில் மரம் அடுக்கி வைத்திருந்த பின்னறையை அவர் மனைவி அதற்குள் ஒழித்துக் கழுவிவிட்டிருந்தாள். அதற்குப் புது நிலை செய்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு நூல் பிசகாமல் நேராக நிறுத்தி, அக்காவின் கதவை அதில் மாட்டினார் கதவுக்காரர். வழக்கம்போல ஒரு விரலால் தள்ளினார்.

கதவு போய் நிலையில் உட்கார்ந்தது. ஆனால் மூடவில்லை. ஒரு முனையில் காகிதம்கூட நுழையாது. அங்கிருந்து மறுமுனைவரை மேலே ஒரு பெரிய இடைவெளி, ஆப்பு வடிவத்தில், வெளிச்சம் பளிச்சென்று உள்ளே வந்தது. கதவு ஏதோ குடித்துவிட்டு வந்தவன்போல நேரான நிலையில் கோணலாக நின்றது.

அக்கா நாற்காலியைப் போட்டு ஏறினாள். இடைவெளிக்குள் விரலை விட்டாள். பிறகு உள்ளங்கையை விட்டாள். அப்புறம் கையையே விட்டாள், முழங்கைவரை அந்தப் பக்கம் போனது.

"இவ்வளவு சாஞ்ச வீட்லயாடா என்னைத் தூங்க வச்ச?" என்று கேட்டாள்.

அவர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவரிடம் காரணம் எதுவும் இல்லை. "ஆமாக்கா" என்றார்.

சேதி பரவியது. அளவு, முளை, உறைமண் என்று இன்ஜினியரம்மா கூட்டம் போட்டுச் சொன்னதைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்கள், கதவைப் பார்க்க வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் நாற்காலியில் ஏறிக் கையை விட்டுப் பார்த்தார்கள். ஏறும்போது இருந்த சிரிப்பு இறங்கும்போது இல்லை. தங்கள் வீட்டுக் கதவையும் இதே கைதான் இழைத்தது என்று அவர்களுக்குத் தெரியும். கதவுக்காரர் எவர் முகத்தையும் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். இன்ஜினியரம்மாவும் வந்தாள். கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே காட்டியிருக்கலாமே ஐயா" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க மேல்வரிசையிலிருந்து கதவுக்காரருக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது, கதவைக் கழற்றிக் கொடுக்க. ஒவ்வொரு வீடாகப் போய்க் கழற்றினார். அவர்களே தலையில் சுமந்து கீழே இறங்கினார்கள். கூலி கொடுக்க வந்தவர்களிடம் அவர் கை நீட்டவில்லை. ஒன்றிரண்டு பேர் அவரை முகத்துக்கு நேராகவே திட்டினார்கள். வாங்கிக்கொண்டார்.

பனி விலகும் காலத்தில், ஒரு பட்டப்பகலில், சரிவு இறங்கியது. இடி மாதிரி ஒரு சத்தம், பிறகு வெகுநேரம் புழுதி. அடங்கிய பிறகு பார்த்தால் மேல்வரிசை இருந்த இடத்தில் கல்லும் சேறும்தான் கிடந்தன. அந்த வீடுகளில் கதவும் இல்லை, ஆளும் இல்லை.

அக்கா அப்போது தம்பி வீட்டு மாடியில் விரிப்புக் காயவைத்துக்கொண்டிருந்தாள். கையில் பிடித்த விரிப்போடு அப்படியே நின்றுவிட்டாள். தம்பி ஓடிவந்து பக்கத்தில் நின்றார்.

"என் கொடிக்கம்பம் போச்சே" என்றாள் அக்கா. அதைச் சொன்னதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள். தம்பி கூட நின்று அழுதார். அவர் மனைவி மூன்று பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

அழுது ஓய்ந்ததும் அக்கா மூக்கைச் சிந்திவிட்டு விரிப்பை உதறினாள். புழுதி படிந்திருந்தது. "எல்லாத்தையும் மறுபடி அலசணும். சாயங்காலம் விடுதிக்குக் குடுக்கணும்" என்றாள். ஒரு முனையைத் தம்பியிடம் நீட்டினாள். "ஒழுங்காப் பிடி. கோணலா முறுக்காத."

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.